இன்னோவா ஹைகிராஸ் உண்மையில் எவ்வளவு கொடுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள வண்டி, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், பங்க்கில் பின்னால் நிற்பவர் என்று எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவு கொடுக்குது?" ஒரு நம்பர் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் அந்த நம்பரை நம்பி ஒருவர் இருபத்தைந்து, முப்பது லட்சம் போடப் போகிறார் என்றால் கொஞ்சம் பொறுமையாகப் பேசத்தான் வேண்டும். எங்கே, எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பது தெரியாமல் இந்த வண்டியின் மைலேஜைச் சொல்ல முடியாது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கம்பெனி லிட்டருக்கு 23.24 கி.மீ. என்கிறது. எனக்கு 16தான் வருகிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. 23.24 என்பது சாலையில் ஓட்டி எடுத்த கணக்கே கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் காரின் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட ஓர் அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவார்கள். எம்.ஐ.டி.சி. (மாடிஃபைடு இந்தியன் டிரைவிங் சைக்கிள்) என்று அதற்குப் பெயர். மொத்தம் 1,180 வினாடி, அதாவது 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் எட்டும் அதிகபட்ச வேகம் 90 கி.மீ. அதுவும் சில வினாடிகளுக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஊருக்குள் போகும் வேகம். ஏசி கிடையாது, மேடு கிடையாது, காற்று கிடையாது, பின் சீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் கிடையாது.

நிதானமாக வேகம் எடுத்து, நிதானமாக நிறுத்தும் இந்த அட்டவணை ஹைப்ரிடுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதனால்தான் சாதாரண பெட்ரோல் வண்டியைவிட ஹைப்ரிடில் அறிவித்த நம்பருக்கும் கையில் கிடைப்பதற்கும் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. அந்த நம்பரை இரண்டு வண்டிகளை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பட்ஜெட்டுக்கு வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஹைப்ரிட் என்றால் 14 முதல் 18 வரை. மோட்டார் இல்லாத சாதாரண பெட்ரோல் ஹைகிராஸ் என்றால் 9 முதல் 13 வரை. அதற்குக் கம்பெனி சொல்வது 16.13. நான் பேசிய ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். ஹைப்ரிடில் 20 பார்த்தவர்களும் உண்டு. 60, 70இல் சீராக ஓடிய ஒரு பயணத்தில் அது நடக்கும். மாதம் முழுக்க நடக்காது.

தஞ்சாவூர் ரோட்டில் 18 கொடுத்தது, சென்னை பைபாஸில் 15 கொடுக்கிறது. பெரிய ரோட்டில்தானே அதிகம் கொடுக்க வேண்டும்?

பழைய வண்டிகளில் அப்படித்தான். ஹைப்ரிடில் கணக்கு மாறுகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் ஒரே பல்சக்கரத் தொகுப்பில் இணைந்திருக்கின்றன. என்ஜின் அட்கின்சன் முறையில் வேலை செய்கிறது. எரிந்த வாயு விரியும் தூரம், அதை அழுத்தும் தூரத்தைவிட அதிகம். ஆகவே ஒரு சொட்டிலிருந்து அதிக வேலை வாங்கும், ஆனால் அடிமட்டத்தில் இழுவை குறைவு. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. வண்டி நகரத் தொடங்கும்போது, சிக்னலில் ஊரும்போது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி 40, 50இல் போகும்போது என்ஜின் அணைந்தே இருக்கலாம். பிரேக் போட்டால், வழக்கமாகச் சூடாகி வீணாகும் சக்தியில் ஒரு பங்கு மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது.

நாலுவழிச்சாலையில் 100இல் போகிறீர்கள் என்றால் பிரேக்கே போடுவதில்லை. திருப்பி எடுக்க ஒன்றும் இல்லை. என்ஜின்தான் முழுநேரமும் இழுக்கிறது. அந்த நேரத்தில் இது உயரமான, கனமான ஒரு பெட்ரோல் வண்டி. அவ்வளவுதான். இடையில் வேகத்தடையும் ஊரும் வந்து, 50க்கும் 70க்கும் நடுவே ஓடும் மாவட்டச் சாலைதான் இதன் சொந்த வீடு. அதற்காக எந்த ஊர் நெரிசலிலும் 18 வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சி வெயிலில் ஏசியோடு வடபழனி சிக்னலில் நின்று நின்று போனால் 13, 14க்கும் இறங்கும்.

வேகத்தை 10, 20 குறைத்தால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்று தள்ளும் விசை 56 சதவீதம் கூடுகிறது. 90இலிருந்து 110 என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஹைகிராஸ் நல்ல அகலம், நல்ல உயரம். தாழ்ந்த செடான் காரைவிட அதிகக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது.

திருச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 330 கி.மீ. 90ஐ ஒட்டி ஓட்டினால் என் வண்டி 17, 17½ கொடுக்கிறது. 110இல் ஓட்டினால் 14க்கு வந்துவிடுகிறது. ஒரு பயணத்துக்கு சுமார் 4½ லிட்டர் வித்தியாசம். காகிதத்தில் 40 நிமிடம் மிச்சம். ஆனால் விழுப்புரத்தில் டீ, பரனூர் டோல்கேட், தாம்பரம் நெரிசல் எல்லாம் இரண்டு பேருக்கும் பொதுதானே. வேகமாகப் போனவர் பெருங்களத்தூரில் அதே வரிசையில்தான் நிற்கப் போகிறார்.

மீட்டரில் 18.2 காட்டுகிறது, பங்க்கில் கணக்குப் போட்டால் 17தான். எதை நம்புவது?

பங்க்கை நம்புங்கள். டிஸ்பிளேயில் வருவது இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. என் வண்டியில் அது தொடர்ந்து 5, 6 சதவீதம் கூட்டியே சொல்கிறது. பல கம்பெனி வண்டிகளிலும் இதே கதை. ஒரே மாதிரி கூட்டிச் சொல்வதால், போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட அது நன்றாகவே பயன்படும்.

சரியாக அளப்பது எப்படி?

ஃபுல் டேங்க் முறைதான். ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முடிந்தவரை காலியாகும்வரை ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 610 கி.மீ. ஓடி 36.4 லிட்டர் பிடித்தது என்றால் 16.76.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒன்று, ஆட்டோ கட் ஆன பிறகு "ரவுண்டா போட்டுடலாம் சார்" என்று பங்க் தம்பி மேலும் அழுத்துவது. ஒரு தடவை ஒரு லிட்டர், இன்னொரு தடவை ரெண்டு லிட்டர் என்று கணக்கு குழம்பிவிடும். டேங்கின் ஆவி போகும் குழாய்க்கும் நல்லதல்ல. இரண்டாவது, 10 லிட்டர் போட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பது. அதில் 1 லிட்டர் பிசகினாலே 10 சதவீதம் தவறு. 36 லிட்டரில் அதே 1 லிட்டர் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நான்கைந்து டேங்காவது எழுதி வைத்த பிறகுதான் என்னால் ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

ஒரு தடவை 12, ஒரு தடவை 20. சராசரி 16 என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 12இல் 300 கி.மீ. ஓடினால் 25 லிட்டர். 20இல் 300 கி.மீ. ஓடினால் 15 லிட்டர். மொத்தம் 600 கி.மீ.க்கு 40 லிட்டர், ஆக 15. எப்போதும் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 10 கொடுத்த வண்டி 12 கொடுத்தால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம். 18 கொடுத்தது 20 கொடுத்தால் 0.56 லிட்டர்தான். இரண்டுமே "ரெண்டு கூடியிருக்கு", பர்ஸுக்குத் தெரிவது முதலாவதுதான். 17ஐ 18 ஆக்க மெனக்கெடுவதைவிட, 11 கொடுக்கும் பயணங்களைக் கவனிப்பதில்தான் பணம் இருக்கிறது.

11 கொடுப்பது எந்தப் பயணம்?

பெரும்பாலும் ரெண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டம்தான். காலையில் குளிர்ந்த என்ஜினை, அதன் புகைச் சுத்திகரிப்பானைச் சூடாக்க, பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் வண்டி என்ஜினைப் போட்டுவிடும். சூடாகி அணைகிற நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் இருப்பீர்கள். வண்டி நின்று, ஆறி, மறுபடி முதலிலிருந்து. பால், மருந்து, காய்கறி என்று மூன்று தடவை தனித்தனியாகப் போவதை ஒரே சுற்றில் முடித்தால் மீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். கொஞ்ச தூரத்துக்கு ஸ்கூட்டர் இருக்கவே இருக்கிறது.

ஏசிக்கு எவ்வளவு போகும்?

என் அனுபவத்தில் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர். சித்திரை வெயிலில் கூடுதல். ஹைப்ரிடில் ஏசி கம்ப்ரெசர் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் என்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் வரும். ஆனால் அந்த மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். பேட்டரி இறங்கியதும் நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடத் தொடங்கும். வெயிலில் நின்ற வண்டி என்றால் ஒரு நிமிடம் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, அப்புறம் ஏசி போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வண்டியில் மைலேஜுக்காக ஏசியை அணைத்து வேர்த்து வழிய வேண்டாம்.

ஏழு பேர், லக்கேஜோடு போனால்?

ஆள் ஏறாமலே 1,600 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி. ஏழு பேரும் மூட்டைகளும் சேர்ந்தால் இன்னொரு அரை டன் வரை. சமதள ஹைவேயில் அது பெரிதாகத் தெரியாது. நின்று நின்று போகும் ஊருக்குள்ளும் மேட்டிலும் தெரியும். எடையைவிட மேலே கட்டும் கேரியர்தான் மோசம், காற்றைப் பிடித்து இழுக்கும். சபரிமலைக்குப் போய் வந்து மாசி வரைக்கும் கேரியரைக் கழற்றாமல் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஊட்டிக்குப் போனபோது 8 காட்டியது. பயந்துவிட்டேன்.

பயப்பட ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். ஆட்களோடு 2,100 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 11 யூனிட் சக்தி வேண்டும், நம் வீட்டு கரண்ட் மீட்டரில் ஓடும் அதே யூனிட். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் சக்கரத்துக்கு வரும். ஆக, உயரத்துக்கு மட்டும் 3 லிட்டருக்கு மேல் எரிந்தாக வேண்டும். குன்னூர் வழி சுமார் 50 கி.மீ.க்கு வழக்கமாகச் செலவாகும் 3 லிட்டரையும் சேர்த்தால் லிட்டருக்கு எட்டுதான் வரும்.

"இறங்கும்போது எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று ஷோரூமில் யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதிதான் உண்மை. இந்த வண்டியின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 2 யூனிட்டுக்கும் குறைவுதான். அதிலும் நீண்ட ஆயுளுக்காக நடுவில் ஒரு பங்கை மட்டுமே வண்டி பயன்படுத்துகிறது. இறக்கத்தில் சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிறைந்துவிடும். மிச்சத்தை என்ஜினைச் சும்மா சுழற்ற வைத்துத்தான் கழிக்கும். அதுதான் அந்த உறுமல் சத்தம், பழுதல்ல. அந்த நேரத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் கியர் நிலைக்கு மாறுங்கள், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். மலைப்பயணத்தை ஏற்றம் மட்டும் வைத்து எடைபோடாமல், ஏறி இறங்கி மறுபடி மேட்டுப்பாளையம் வந்த பிறகு பாருங்கள். 14, 15 இருக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சமாகுமா?

ஒருபோதும் செய்யாதீர்கள். ஹைப்ரிடில் நியூட்ரல் போட்டால் பேட்டரி சார்ஜ் ஏறுவதே நின்றுவிடும், பிடிமானமும் போய்விடும், சுமை முழுக்க பிரேக் மேல் விழும். சாதாரண பெட்ரோல் வண்டியிலும் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் தானாகவே பெட்ரோலை நிறுத்துகிறது. நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து.

போகும்போது 14, வரும்போது 18. ஒரே ரோடு, ஒரே வேகம். எப்படி?

நாகர்கோவில் பக்கம் போனீர்களா? மனைவியின் ஊர் அது என்பதால் வருடா வருடம் பார்க்கிறேன். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது வேறு எதற்கு? திருநெல்வேலியிலிருந்து போகும்போது அந்தக் காற்று முகத்தில். நீங்கள் 80இல் போனாலும் எதிரே 30 அடித்தால் வண்டிக்கு அது 110. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயிலும் இப்படித்தான். காற்றடிக்கும் மாதங்களில் போக வரச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்கிறார்களே?

விழுந்திருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம் குறையும். ஆனால் நாம் முன்பே 10 சதவீதம் கலந்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கிருந்து 20க்கு வரும்போது கூடுதல் இழப்பு 3 சதவீதம் சொச்சம். 17 கொடுத்தது 16½ ஆகும். 17 கொடுத்தது 13 ஆகிவிட்டது என்றால் காரணம் எத்தனால் இல்லை. டயர், வேகம், ரூட் என்று வேறெங்கோ தேடுங்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், சீல் பற்றிய கவலை வேறு விஷயம், அது நியாயமானதும்கூட. ஹைகிராஸ் அந்தக் கவலைக்கு வெளியே நிற்கிறது. முழு எத்தனாலிலும் ஓடக்கூடிய ஹைகிராஸின் முன்மாதிரி வண்டி ஒன்றை 2023 ஆகஸ்டில் டெல்லியில் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தினார்.

விலை கூடின பெட்ரோல் போட்டால்?

தேவையில்லை. ஆக்டேன் என்பது வெடித்துத் தட்டாமல் தாங்கும் திறன். அது கூடினால் சக்தியும் கூடிவிடும் என்று அர்த்தமில்லை. 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு 5, 6 சதவீத மைலேஜ் ஏறினால் யாருக்கு லாபம்?

டயரில் காற்று?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள் குறைவாக இருந்தால் எவ்வளவு, நிறைய இருந்தால் எவ்வளவு என்று போட்டிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஒரு மாதம் என் கணக்கு ஒன்று குறைந்துகொண்டே வந்தது. என்னென்னவோ சந்தேகப்பட்டேன். கடைசியில் பின்பக்க இடது டயரில் சின்ன ஆணி. மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி ஏர் செக்.

பழைய கிரிஸ்டா டீசலைக் கொடுத்துவிட்டு இதற்கு மாறலாமா?

ஊருக்குள் ஓட்டுபவருக்கு வித்தியாசம் பெரிது. கிரிஸ்டா சட்டத்தின் மேல் உட்கார்ந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டி. ஹைகிராஸ் கார் மாதிரி ஒரே கூடு, முன்சக்கரம் இழுக்கும். மாதம் முழுக்க ஆள் நிரப்பி, ஹைவேயில் 100இல் விரட்டுபவர் என்றால் இடைவெளி சுருங்கிவிடும், டீசல் விலையும் கொஞ்சம் குறைவு. மைலேஜ் ஒன்றுக்காக மட்டும் மாற வேண்டாம் என்றுதான் அவரிடம் சொல்வேன்.

சரி, ஹைப்ரிட் வாங்குவதா, சாதாரண பெட்ரோல் வாங்குவதா?

உங்கள் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கி.மீ. என்று வைப்போம். பெட்ரோல் வண்டி 11 கொடுத்தால் 91 லிட்டர், ஹைப்ரிட் 17 கொடுத்தால் 59 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 3,200 மிச்சம். ஷோரூமில் இரண்டுக்கும் நடுவே 5 லட்சம் வித்தியாசம் சொன்னால், அது திரும்ப 13 வருடம். மாதம் 2,000 ஓடினால் ஆறரை வருடம். ஓட்டம் பெரும்பாலும் 110இல் ஹைவே என்றால் 17 வராது, காலம் இன்னும் நீளும். ஊருக்குள்ளும் மாவட்டச் சாலையிலும் நிறைய ஓடுகிறீர்கள், பத்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் ஹைப்ரிட். வருடத்துக்கு மூன்று கோயில் பயணம், மற்ற நாள் ஷெட்டில் நிற்கும் என்றால் சாதாரண பெட்ரோலே போதும், மிச்ச ஐந்து லட்சத்தில் பல வருடத்துக்குப் பெட்ரோல் போடலாம். சிக்னலில் என்ஜின் சத்தமே இல்லாமல் நகர்வதற்கு நான் விலை போடவில்லை. அதை டெஸ்ட் டிரைவில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் காலி ரோட்டில் எடுக்காமல், நீங்கள் தினமும் ஆபீஸ் போகும் ரோட்டில், ஆபீஸ் போகும் நேரத்தில் எடுங்கள்.